ரௌட்டர் இருந்தால் மட்டும் போதுமா?

வெளியிலிருந்து யாரோ தானாக அனுப்பும் இணைப்புகளை வீட்டு ரௌட்டர் பொதுவாக உள்ளே விடாது. நம் கணினியோ போனோ கேட்டதற்கு வரும் பதிலைத்தான் கொண்டுவந்து சேர்க்கும். இதுவே பெரிய பாதுகாப்புதான். ஆனால் ரௌட்டருக்குள்ளேயே ஒருவன் நுழைந்துவிட்டால்?

2016-ல் பரவிய மிராய் என்ற தீங்கு நிரல் செய்தது மிக எளிய வேலை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. கேமராக்களும் ரௌட்டர்களும் லட்சக்கணக்கில் அதன் பிடிக்குள் போயின.

அதனால் இன்றைக்கே ரௌட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலிருக்கும் முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிரவுசரில் அடித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பலர் அதை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். அப்படியே ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் உள் மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள், வெளியிலிருந்தே ரௌட்டர் அமைப்புகளை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்துவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அல்லது பின் எண் மூலம் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் தயங்காமல் அணையுங்கள். அதன் 8 இலக்க பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம்.

போலி மின்னஞ்சலில் வந்த கோப்பை நாமே இறக்கித் திறந்தால், பெரும்பாலான ரௌட்டர்கள் தடுக்காது. கேட்டது நம் கணினிதானே! ஆகவே ரௌட்டர் இருக்கிறதே என்று கணினியின் ஃபயர்வாலை (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருளை) அணைத்துவிடாதீர்கள்.