டி ஜாயிண்டில் ரூட் பிடிக்கிறதா? வெல்டிங் பழகுபவர்களுக்கு ஜாயிண்ட், வெல்டு வகைகள்

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்கு கேட் அடிக்கிற பட்டறையில் "அங்க ஒரு வெல்டு வைப்பா" என்றாலே வேலை நடந்துவிடும். அதே ஆள் ஓசூர் சிப்காட்டில் டிராயிங் பார்த்து வேலை செய்யப் போனால்தான் குழப்பம் வரும். அங்கே ஜாயிண்ட் வேறு, வெல்டு வேறு. இரண்டு துண்டுகளை எப்படிச் சேர்த்து நிறுத்துகிறோம் என்பது ஜாயிண்ட். அந்த இடத்தில் உருகிய உலோகம் எந்த வடிவில் உட்காருகிறது என்பது வெல்டு.

ஜாயிண்ட் ஐந்து: பட் (ஓரத்தோடு ஓரம்), லேப் (ஒன்றின் மேல் ஒன்று), டி (படுத்த துண்டின் மேல் நிற்கும் துண்டு), கார்னர் (இரண்டும் சேர்ந்து மூலை), எட்ஜ் (ஒட்டி வைத்த இரண்டு தகட்டின் ஓரம்). வெல்டில் அன்றாடம் கைக்கு வருபவை ஃபில்லெட்டும் (மூலையில் முக்கோணமாக உட்காருவது) குரூவும்தான் (ஓரங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தை நிரப்புவது). தகட்டு வேலையில் பிளக் (மேல் தகட்டின் ஓட்டையை நிரப்புவது), ஸ்பாட் (புள்ளியாகப் பிடிப்பது) சேரும். டி ஜாயிண்ட் என்றாலே ஃபில்லெட் என்று நினைக்க வேண்டாம். நிற்கும் துண்டின் ஓரத்தைச் சாய்வாகச் சீவினால் அதே டி ஜாயிண்டில் குரூவும் போடலாம்.

எர்த் மாட்டுவது, ராடை உரசி ஆர்க் எழுப்புவது, 11-ம் நம்பர் கருப்புக் கண்ணாடி போடுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: சாமான்

பழைய இரும்புக் கடையில் 50×6 பட்டை 2 மீட்டர் வாங்கி 100 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். 19 துண்டு தேறும். மீதியைக் கட்டிங் வீல் தின்றுவிடும். வெல்டு விழும் இடத்தில் துரு, பெயின்ட், எண்ணெய் எதுவும் இல்லாமல் இரும்பு பளபளக்கும்வரை கிரைண்டர் போடுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) துண்டு வேண்டாம். அதன் துத்தநாகப் புகை காய்ச்சலும் உடல்வலியும் கொண்டுவரும்.

ராடு 6013, 3.15 மி.மீ. அந்த எண்ணில் 60 என்பது வெல்டு உலோகத்தின் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்துள்ள 1, எல்லாப் பொசிஷனிலும் ஓட்டலாம் என்பதைக் குறிக்கும். 7018 நல்ல ராடுதான், ஆனால் ஈரம் படக்கூடாது. பாக்கெட் பிரிந்து கிடந்ததை ராடு சுடும் மின் அடுப்பில் 300 டிகிரிக்கு மேல் சுட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த அடுப்பு இல்லாத பட்டறையில் அதை வாங்கி வைப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

மெஷின் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் போதும். வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் டயலில் 110 ஆம்ப் காட்டினாலும் உள்ளே அவ்வளவு வராது. எண்ணை நம்பாமல் ஆர்க் சத்தத்தையும் விழும் வெல்டையும் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

படி 2: பட்டும் லேப்பும்

பட் ஜாயிண்டில் 3 மி.மீ. வரை ஓரம் சீவ வேண்டாம், 1.5 மி.மீ. இடைவெளி விட்டு டேக் (துண்டு நகராமல் பிடிக்கும் சின்ன வெல்டு) வையுங்கள். 6 மி.மீ. என்றால் ஒவ்வொரு ஓரத்தையும் 30 டிகிரி சீவி, இரண்டும் சேர்ந்து 60 டிகிரி வி ஆக்குங்கள். அடியில் 1.5 மி.மீ. மூக்கைச் சீவாமல் விட்டு, இடையில் 2.5 மி.மீ. சந்து கொடுங்கள். 2.5 மி.மீ. ராடின் பூச்சைத் தட்டி உதிர்த்து, கம்பியைச் சந்தில் நிறுத்தி டேக் வைத்தால் அளவு மாறாது.

லேப்பில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் நீளம், மெல்லிய தகட்டின் தடிமனைப் போல நான்கு மடங்கு அல்லது 40 மி.மீ., இதில் எது அதிகமோ அது. மேல் தகட்டின் ஓரத்தைக் கரைத்துவிடாதீர்கள். 6 மி.மீ. தகட்டில் ஃபில்லெட் கால், அதாவது மூலையிலிருந்து வெல்டு ஏறும் அளவு, 4.5 மி.மீ. தாண்டக்கூடாது.

படி 3: டி ஜாயிண்ட்

பழகுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலே பார்த்தால் வெல்டு அழகாக, மீன் செதில் மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு தகடும் சந்திக்கும் மூலையை, அதாவது ரூட்டை, உலோகம் தொட்டே இருக்காது. அங்கே ஸ்லாக் (ராடின் பூச்சு உருகி வரும் கசடு) குடியிருக்கும்.

காரணம் எளிது. ஆர்க், பக்கத்தில் கிடைக்கிற இரும்புக்குத் தாவும். மூலையைவிட இரண்டு பக்கச் சுவரும் ராடு நுனிக்குப் பக்கம். கரண்ட் குறைவாக வைத்தோ நுனியைத் தூக்கிப் பிடித்தோ ஓட்டினால் ஆர்க் சுவர்களிலேயே நிற்கும். 6013-ன் ஸ்லாக் தண்ணீர் மாதிரி ஓடி முன்னால் போய் மூலையை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் உலோகம் பாலம் போட்டுவிடும்.

ஒரு துண்டைப் படுக்க வைத்து, இன்னொன்றை மூலமட்டம் வைத்து நிறுத்தி இரண்டு முனையிலும் டேக் போடுங்கள். 3.15 ராடுக்கு 115-லிருந்து 125 ஆம்ப். ராடு இரண்டு தகட்டுக்கும் நடுவில் 45 டிகிரி. ராடின் மேல்பகுதி ஓட்டும் பக்கம் சாய்ந்து, நுனி பின்தங்குமாறு 15 டிகிரி சாய்வு. நுனிக்கும் மூலைக்கும் இடைவெளி ராடு தடிமன் அளவே. ஸ்லாக் முன்னே ஓட வந்தால் சாய்வைக் கூட்டி, கொஞ்சம் வேகமாக நகருங்கள். ஆட்டவே வேண்டாம், நேராக இழுங்கள்.

வேகம் சரியா என்று ராடை வைத்தே அளக்கலாம். 5 மி.மீ. காலுள்ள ஃபில்லெட் 100 மி.மீ. ஓட சுமார் 200 மி.மீ. ராடு எரிய வேண்டும். 120 மி.மீ. மட்டும் எரிந்திருந்தால் வேகமாக ஓடியிருக்கிறீர்கள்.

படி 4: உடைத்துப் பாருங்கள்

ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட்ட டி துண்டை வைஸில் பிடித்து, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கும் பக்கமே சாயுமாறு சுத்தியலால் அடியுங்கள். ரூட் பிளந்து திறக்கும். ரூட் ஓரமாகக் கருப்புக் கோடு நீளமாகத் தெரிந்தால் அது ஸ்லாக். கட்டிங் போட்ட ஓரம் உருகாமல் அப்படியே தெரிந்தால் வெல்டு பிடிக்கவே இல்லை. ஓட்டை ஓட்டையாக இருந்தால் ஈரமோ எண்ணெயோ. பத்துத் துண்டு உடைத்த பிறகு கேட்டில் கை வையுங்கள்.

படி 5: இழுப்பு

வெல்டு ஆறும்போது சுருங்கும். நிற்கும் தகடு வெல்டு பக்கம் சாயும். வேலைத் துண்டில் டேக்கை இரண்டு பக்கமும் வையுங்கள். முதலில் வெல்டு போடும் பக்கத்துக்கு எதிரே 2 டிகிரி சாய்த்து நிறுத்துங்கள். ஒரே பக்கம் முழுவதும் ஓட்டாமல் பக்கம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

கார்னர் ஜாயிண்டில் வெளிமூலையை கிரைண்டரில் மழுக்கி வழவழப்பாக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. பெயின்டுக்கு அழகு; உள்பக்கம் வெல்டு இல்லையென்றால் தாங்கியிருந்த உலோகம் அந்தப் பொடியோடு போய்விடும். எட்ஜ் ஜாயிண்ட் மெல்லிய தகட்டு ஓரங்களுக்கு. பளு தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: ஸ்கொயர் பைப்

40×40×2 பைப்பில் டி போடும்போது இரண்டு பக்கம் நன்றாகப் பிடித்து, மற்ற இரண்டு பக்கம் ஓட்டையாவது ஏன் என்று பலரும் கேட்டார்கள். பைப்பின் மூலை உருண்டை. அதனால் இரண்டு பக்கம் ஃபில்லெட், மற்ற இரண்டு பக்கம் உருண்டைக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே அகன்ற குரூவ். அந்தச் சந்தில் ராடுத் துண்டைச் செருகி மேலே பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். துண்டு மட்டும்தான் மூடும், பைப் பிடிக்காது. 2.5 ராடு, 60-லிருந்து 70 ஆம்ப். ஆர்க்கை உருண்டை மூலை மேல் வைத்து, உருகியதை வெட்டிய ஓரத்துக்குத் தொட்டுத் தொட்டு விடுங்கள். 20 மி.மீ. ஓட்டி நிறுத்தி, சிவப்பு அடங்கியதும் ஸ்லாக்கைத் தட்டிவிட்டு அடுத்த 20.