நம் ஊர் வெயிலில் வீட்டு பிரெட்: முதல்முறை செய்பவர்களுக்கு

மார்கழியில் இரவு அரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் பார்த்தால் வைத்த இடத்திலேயே இருக்கும். அதே மாவு சித்திரையில் பாத்திரத்தை விட்டு வழிந்து மேடையெல்லாம் ஓடும். பிரெட் மாவுக்கும் இதே கணக்குதான். ஆனால் பிரெட் என்றதும் இந்த அனுபவத்தை மறந்துவிட்டு, "ஒரு மணி நேரம் கதகதப்பான இடத்தில் வைக்கவும்" என்ற வரியை அப்படியே நம்பிவிடுகிறோம். அது 20, 22 டிகிரியில் இருக்கும் குளிர்நாட்டுச் சமையலறைக்காக எழுதிய வரி. நம் சமையலறை மே மாதம் 34 டிகிரியைத் தொடும். அங்கே இன்னும் கதகதப்பான இடம் தேடி வைத்தால் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிடும். ஓவனுக்குள் போனதும் நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும். முதல் பிரெட் பாழாவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் கீழே நிமிடக் கணக்கு கொடுத்திருந்தாலும், ஒவ்வொரு கட்டத்திலும் மாவு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மாவு சொல்வதையே கேளுங்கள்.

தேவையானவை (8க்கு 4 அங்குல டின், ஒரு பிரெட்)

மைதா – 300 கிராம்
தண்ணீர் – 120 கிராம்
காய்ச்சி ஆறிய பால் – 75 கிராம்
சர்க்கரை – 18 கிராம் (ஒன்றரை மேசைக்கரண்டி)
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – 3 கிராம் (தலை தட்டி 1 தேக்கரண்டி); கடும் கோடையில் 2 கிராம்
தூள் உப்பு – 6 கிராம் (தலை தட்டி 1 தேக்கரண்டி)
உப்பில்லாத வெண்ணெய் – 20 கிராம்

கப் கணக்கு வேண்டாம். ஒரு கப் மைதா, அள்ளுகிற விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். இந்த வித்தியாசம் ஒன்றே மென்மையான பிரெட்டைச் செங்கல்லாக்கப் போதும். இந்த வேலைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், டிஜிட்டல் தராசை வாங்குங்கள். டின்னுக்குப் பதில் ஒரு பாத்திரத்தை வைத்துச் சமாளிக்கலாம், தராசுக்கு மாற்று கிடையாது.

மைதா பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்குப் புரதம் 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அந்தப் புரதம்தான் தண்ணீரோடு சேர்ந்து இழுபடும் வலையாக மாறி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. ஈஸ்ட்டில் இரண்டு வகை கடையில் கிடைக்கும். பொடியாக, மணல் போல இருப்பது இன்ஸ்டன்ட். அதை நேராக மாவில் சேர்க்கலாம். கொஞ்சம் பெரிய உருண்டைகளாக இருப்பது ட்ரை ஈஸ்ட். அதில் 4 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு 10 நிமிடம் ஊறவிட வேண்டும். நுரைத்து வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதை வைத்து மாவை வீணாக்க வேண்டாம். இந்தத் தண்ணீரில் விரலை வைத்தால் சூடு உறைக்கக் கூடாது. 55, 60 டிகிரியிலேயே ஈஸ்ட் செத்துவிடும்.

மாவு கலப்பது

இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நம் ஊரில் தேவையே இல்லை. கோடை மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கை வைத்தாலே சுடும். அதைக் கட்டாயம் தவிருங்கள். மண்பானைத் தண்ணீர் சரியாக இருக்கும். பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்றே ஊற்றலாம். பிசைந்து முடித்த மாவு 26, 27 டிகிரியில் இருந்தால் அடுத்த வேலையெல்லாம் நிதானமாக நடக்கும்.

அகலமான பாத்திரத்தில் மைதா, சர்க்கரை, ஈஸ்ட் மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். பாலை முழுவதும் ஊற்றி, தண்ணீரில் 20 கிராமை மட்டும் தனியே நிறுத்திவிட்டு மீதியை ஊற்றுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாத வரை கிளறினால் போதும், பிசைய வேண்டாம். மூடி 20 நிமிடம் வையுங்கள். இந்த நேரத்தில் மாவு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிசைகிற வேலையில் பாதி கை வைக்காமலே முடிந்துவிடும். பிறகு தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறுத்தி வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மழைக்காலத்தில் மைதாவே ஈரத்தை வாங்கியிருக்கும், அப்போது அந்த 20 கிராம் முழுவதும் தேவைப்படாது.

பிசைவது

இப்போது உப்பைத் தூவிப் பிசையத் தொடங்குங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை முன்னே தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ள வேண்டும்.

சப்பாத்தி மாவுக்குப் பழகிய கை இந்த இடத்தில்தான் தவறு செய்யும். மாவு விரலில் ஒட்டியதும் மைதா டப்பாவைத் தேடும். தேடாதீர்கள். பிரெட் மாவு சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். முதல் 3 நிமிடம் கையெல்லாம் ஒட்டும், மேல்பக்கம் ஆரஞ்சுத் தோல் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் மேடையில் ஒட்டியிருந்த மாவை இந்த உருண்டையே சுத்தமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அப்போது வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேருங்கள். சேர்த்ததும் மாவு வழுக்கும், பிய்ந்து பிய்ந்து வரும், கெட்டுப்போனதாகவே தோன்றும். விடாமல் பிசையுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி சேர்ந்துவிடும். வெண்ணெயை முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவின் மேல் பூசிக்கொண்டு புரத வலை உருவாவதைத் தாமதப்படுத்தும். அதனால்தான் இந்த வரிசை.

மொத்தம் 12 முதல் 15 நிமிடம் ஆகும். போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெதுவாக நான்கு பக்கமும் விரியுங்கள். கிழியாமல், ஜன்னல் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்குச் சவ்வு போல விரிந்தால் சரி. அதற்கு முன்பே ஓரம் முரடாகக் கிழிந்தால் இன்னும் 3 நிமிடம் பிசையுங்கள்.

முதல் எழுச்சி

பாத்திரத்தில் சில சொட்டு எண்ணெய் தடவி, மாவை உருட்டிப் போட்டு மூடுங்கள். பக்கங்கள் நேராக இருக்கும் டப்பாவாக இருந்தால், மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்பதில் சந்தேகமே வராது. 30, 32 டிகிரியில் 45 முதல் 60 நிமிடம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியம் இல்லை. கடும் கோடையில் 35 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள்.

மைதாவில் தோய்த்த விரலை மாவில் ஒரு அங்குலம் குத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் தயார். உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். குத்தியதும் மாவு மொத்தமாகப் புஸ்ஸென்று இறங்கி, கள் வாசம் வந்தால் அதிகமாகிவிட்டது. அந்த மாவைப் பிரெட் ஆக்க முயல வேண்டாம். மெல்லியதாகத் தட்டித் தோசைக்கல்லில் ரொட்டியாகப் போட்டு எடுத்துவிடுங்கள், ருசியாகவே இருக்கும்.

நடுவில் மின்சாரம் போனாலோ வெளியே போக வேண்டி வந்தாலோ மாவை மூடியோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். எழுச்சி உடனே நிற்காது, ஆனால் வெகுவாகக் குறையும்.

வடிவம் கொடுப்பது, இரண்டாம் எழுச்சி

மேடையில் மாவைக் கொட்டி, கையால் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். டின்னின் நீளத்துக்கு ஒரு செவ்வகமாகப் பரப்பி, ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே வந்தால் பிரெட்டுக்குள் பெரிய ஓட்டை விழாது. கடைசி மடிப்பைக் கிள்ளி ஒட்டி, அந்தப் பக்கம் கீழே இருக்குமாறு எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். ஈரத்துணியால் மூடுங்கள், துணி மாவில் படக் கூடாது.

மொத்த வேலையிலும் அதிகக் கவனம் கேட்பது இந்த இடம்தான். முதல் எழுச்சியில் பத்து நிமிடம் தவறினால் மாவு மன்னித்துவிடும், இங்கே மன்னிக்காது. வெயில் காலத்தில் 25 முதல் 35 நிமிடம். மாவின் நடுப்பகுதி டின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் எழும்பியதும், பக்கவாட்டில் விரலால் லேசாக அழுத்துங்கள். பள்ளம் மெதுவாகப் பாதி மேலே வந்து, லேசான தடத்தை விட்டுவைத்தால் உடனே ஓவனுக்குள் போக வேண்டும். சட்டென்று திரும்பி வந்தால் 5 நிமிடம் பொறுங்கள். திரும்பவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது.

ஓடிஜி (வீட்டுக்கான சின்ன மின்சார ஓவன்) சூடாக 10, 15 நிமிடம் ஆகும் என்பதால், மாவு விளிம்பைத் தொடும்போதே 190 டிகிரியில் வைத்துச் சூடேற்றத் தொடங்கிவிடுங்கள். சுட எல்லாம் தயாராகி, ஓடிஜியைப் போட மறந்து நிற்பதால் வீணாகும் பிரெட் நிறைய.

சுடுவது

மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து 190 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல்கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருக்கும். 15 நிமிடத்துக்கு மேல் கவனித்து, நல்ல பழுப்பு நிறம் வந்ததும் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போட்டுவிடுங்கள். நிறம் வந்துவிட்டதே என்று வெளியே எடுத்துவிடக் கூடாது, உள்ளே இன்னும் வெந்திருக்காது. வெந்த பிரெட்டைக் கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போல ஒலிக்கும். வெப்பமானி இருந்தால் நடுவில் 94 டிகிரி காட்ட வேண்டும்.

ஓடிஜி இல்லாதவர்கள் கனமான பழைய பாத்திரத்தின் அடியில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்கி, 7 அங்குல வட்ட டின்னை உள்ளே வைத்துக் குறைந்த தீயில் 40 முதல் 45 நிமிடம் சுடலாம். குக்கர்தான் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட வேண்டும். மேல்பக்கம் சிவக்காது, வெளிறித்தான் இருக்கும். கடைசியில் தோசைக்கல்லில் 2 நிமிடம் கவிழ்த்து வைத்து எடுங்கள்.

வெளியே எடுத்த 5 நிமிடத்துக்குள் டின்னிலிருந்து கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீராவி அடியில் தங்கி ஈரமாக்கிவிடும். கம்பித்தட்டு இல்லையென்றால், கேஸ் அடுப்பின் மேலுள்ள இரும்புத் தாங்கி அந்த வேலையைச் செய்யும். ஒரு மணி நேரம் ஆறட்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே களி போல நசுங்கும். வேகாததால் அல்ல, மாவுச்சத்து இன்னும் இறுகாததால்தான் அப்படி ஆகிறது. பல் வைத்த கத்தியால், அழுத்தாமல் ரம்பம் போல இழுத்து வெட்டுங்கள்.

சரியாக வரவில்லையா

மேல்பக்கம் குழிந்து உட்கார்ந்தால் இரண்டாம் எழுச்சி அதிகமாகிவிட்டது. அடுத்த முறை ஈஸ்ட்டை 2 கிராமாக்குங்கள். பக்கவாட்டில் வெடித்துப் பிளந்தால் எழுச்சி போதவில்லை. அடியில் அடர்த்தியான ஒரு பட்டை தெரிந்தால் பெரும்பாலும் அதுவும் எழுச்சி போதாமைதான், சில நேரம் கீழ்ச்சூடு போதாமை. வெட்டும்போது தூள் தூளாக உதிர்ந்தால் பிசையும்போது மைதா தூவியிருப்பீர்கள், அல்லது பிசைந்தது போதவில்லை. சப்பென்று, வெளிறி இருந்தால் உப்பை மறந்துவிட்டீர்கள். உப்பு இல்லாமல் மாவு வழக்கத்தைவிட வேகமாகவும் எழும்பும்.

கோதுமை பிரெட் வேண்டுமென்றால் முதலில் பாதி மைதா, பாதி ஆட்டா. ஆட்டா அதிகம் தண்ணீர் குடிக்கும் என்பதால் 20 கிராம் தண்ணீர் கூட்டுங்கள். முழுவதும் ஆட்டாவில் செய்தால் தவிடு புரத வலையை அறுத்துக்கொண்டே இருக்கும், உயரம் குறையும். நான்கைந்து முறை மைதாவில் கை பழகிய பிறகு அதற்குப் போவதுதான் நல்லது.

காலை உணவாக

கலப்பதிலிருந்து ஆறும் வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே முந்தைய நாள் மாலையே சுட்டு வைத்துவிடுங்கள்.

எளிய காலை உணவுக்கு யாழ்ப்பாணத்து வழக்கம் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். அங்கே இதைப் பாண் என்பார்கள், போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். சம்பலும் பருப்பும் அதற்கு இணை. அரை கப் மைசூர் பருப்பைக் கழுவி, ஒன்றரை கப் தண்ணீர், மஞ்சள், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, நறுக்கிய சின்ன வெங்காயத்தோடு 15 நிமிடம் வேகவிடுங்கள். குழைந்ததும் உப்புப் போட்டு, கால் கப் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்குமுன் இறக்குங்கள். கொதித்தால் பால் திரியும். பருப்பு வேகும் நேரத்தில் சம்பல் முடிந்துவிடும். காய்ந்த மிளகாய் 5, உப்பு, சின்ன வெங்காயம் 6 இவற்றை இடித்து, ஒரு கப் தேங்காய்த் துருவலைச் சேர்த்துத் தண்ணீர் விடாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, பாதி எலுமிச்சையைப் பிழிய வேண்டும். மிக்ஸியில் செய்தால் விட்டு விட்டு ஓட்டுங்கள், துவையலாக அரைந்துவிடக் கூடாது.

மறுநாள் பிரெட் கொஞ்சம் உலர்ந்திருக்கும். முட்டை டோஸ்ட்டுக்கு அதுதான் ஏற்றது, புது பிரெட் பாலில் ஊறிக் கரைந்துவிடும். 4 துண்டுக்கு 2 முட்டை, 100 மில்லி பால், ஒரு சிட்டிகை உப்பு. ஒவ்வொரு பக்கமும் 10 விநாடி தோய்த்து, குறைந்த தீயில் நெய் விட்டுச் சிவக்கவிடுங்கள்.

பிரெட்டை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து இன்னும் வேகமாக இறுகி, வெளியில் வைத்ததைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள் வைக்கலாம். கடலோரப் புழுக்கத்தில் மூன்றாம் நாள் பூசணம் பிடித்துவிடும். அதற்கு மேல் வேண்டியதை முதல் நாளே துண்டு போட்டு, காற்றுப் புகாத பையில் ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். காலையில் உறைந்த துண்டை அப்படியே எடுத்து, மிதமான சூட்டில் இருக்கும் தோசைக்கல்லில் போட்டு, மூடி ஒரு நிமிடம், மூடியைத் திறந்து பக்கத்துக்கு ஒரு நிமிடம்.