ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்ற விண்டோஸ்

எங்கள் செங்கோட்டை வீட்டுக் கணினியில் விண்டோஸ், லினக்ஸ் மின்ட் என்று இரண்டு இயங்குதளங்கள் உண்டு. விண்டோஸ் அண்ணனின் காய்கறிக் கணக்குக்கு, மின்ட் என் சோதனைகளுக்கு. மின்ட்டில் வேலை பார்த்துவிட்டு நிறுத்தினால், அடுத்து விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்கும். புளியரை வழியாகக் கேரளா போகும் லோடுக்கு விடியற்காலை நாலு மணிக்குப் பில் போட்டால் முந்தின நாள் தேதி! "உன் லினக்ஸைத் தூக்கிப் போடுடா" என்று அண்ணன் சத்தம் போட்டார்.

கணினிக் கடைக்காரர், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் பேட்டரியை மாற்றச் சொன்னார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் முழுசாக 3 வோல்ட். பேட்டரி செத்தால் நேரம் கன்னாபின்னாவென்று போகும். சொல்லிவைத்தாற்போல் ஐந்தரை மணியா போகும்? இந்திய நேரத்துக்கும் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. போர்டு கடிகாரத்தில் மின்ட் யுடிசியை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்கிறது.

மின்ட்டில் கட்டளை தட்டும் டெர்மினலில் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' (sudo timedatectl set-local-rtc 1) கொடுத்தேன். போர்டு கடிகாரத்தில் மின்ட்டும் உள்ளூர் நேரத்தையே வைக்கட்டும் என்று அர்த்தம். இப்படி வைப்பது நல்லதல்ல என்று பின்னர் மின்ட் எச்சரிக்கும். கோடைக்குக் கோடை கடிகாரத்தை நகர்த்தும் நாட்டுக்காரர்கள் அதற்குப் பயப்படட்டும், நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் விண்டோஸைத் திறந்தால் நேரம் சரி. மின்ட்டும் வீட்டிலேயே இருக்கிறது.