கவுன்சலிங் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு

மனநல ஆலோசனை என்கிறோம், பாதிக் குழப்பம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஆலோசனை வேண்டுமென்றால் செந்தூலில் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போனால் போதும், பெரியம்மா தொடங்கி பந்தி பரிமாறுகிறவர் வரை இலவசமாகத் தருவார்கள். கவுன்சலர் தரமாட்டார். நானும் முதல் நாள் "வேலையை விடவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். "விட்டால் யாரிடம் சொல்லத்தான் ரொம்பப் பயம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்பாவிடம். அப்புறம் மூன்று வாரம் வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, போவதென்று முடிவு செய்தால் முதலில் பதிவைப் பாருங்கள். 1998ஆம் ஆண்டு கவுன்சலர்கள் சட்டப்படி, லெம்பாகா கவுன்சலர் மலேசியா என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிந்து, தொழில் செய்யும் சான்றிதழும் வைத்திருப்பவர்தான் இங்கே கவுன்சலராகத் தொழில் செய்யலாம். பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று போட்டிருப்பார்கள் (கே.பி. என்றால் 'கவுன்சலர் பெர்டாஃப்தார்', பதிவு பெற்ற கவுன்சலர்; பி.ஏ. பட்டம் இல்லை, 'பெராகுவான் அமாலான்', அந்தத் தொழில் சான்றிதழ்தான்). இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து 'லைஃப் கோச்' என்று போர்டு மாட்டுகிறவர்கள் வேறு ரகம். மாத்திரை எழுதித் தருவது மனநல மருத்துவரின் வேலை, கவுன்சலர் எழுதமாட்டார். தேவைப்பட்டால் அவரிடம் அனுப்பிவைப்பார்.

போன் செய்யும்போதே தமிழில் பேசுகிறவர் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆபீஸ் இங்கிலீஷில் அம்மாவைப் பற்றி அழ வராது. தனியாரிடம் ஒரு தடவைக்கே நூறு ரிங்கிட்டைத் தாண்டும், கட்டுப்படாதென்றால் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) விசாரியுங்கள், யூனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு யூனிவர்சிட்டியிலேயே இருக்கும். நடுராத்திரியில் தாங்கவே முடியவில்லை என்றால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929இல் 24 மணி நேரமும் கூப்பிடலாம். அங்கே கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாள் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று தொடங்கினாலே போதும். இரண்டு மூன்று தடவை போயும் ஒட்டவில்லையா, ஆளை மாற்றுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொன்னது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விஷயங்கள் மட்டும் விலக்கு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். பார்த்துவிடும் சொந்தக்காரர்களுக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் படியிறங்கும்போது சித்தியிடம் மாட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தேன் என்று சொல்லிவைத்தேன். எந்தப் பல் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.