நகரக் குடிநீர்த் திட்டத்துக்கான நீரியல் மாதிரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரியல் மாதிரி என்பது, பெய்யும் மழையிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும் கணித அமைப்பு. குடிநீர்த் திட்டத்துக்காக உருவாக்கப்படும் இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் கணக்கீட்டில் தவறுவதில்லை; வறண்ட ஆண்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியைச் சராசரி ஆண்டைப் பற்றிக் கேட்பதில்தான் தவறுகின்றன.

மாதிரியின் தரத்தை மதிப்பிட, 1970-இல் நீரியலாளர்கள் நாஷும் சட்கிளிஃபும் முன்வைத்த, கணித்த ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் திறன் குறியீடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அது பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டுவதால் வெள்ள நாட்களின் பெரிய ஓட்டங்களே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கின்றன; கோடை ஓட்டத்தை உள்ளதைப்போல் இருமடங்காகக் காட்டும் மாதிரிகூட நல்ல மதிப்பெண் பெற்றுவிடலாம். (மதிப்பெண் நன்றாக இருந்தால் வரைபடத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.) குடிநீருக்கு அந்தக் கோடை ஓட்டமே உயிர்நாடி என்பதால், சிறிய ஓட்டங்களுக்கும் எடை தரும் வகையில், ஓட்டத்தின் மடக்கை (லாகரிதம்) மதிப்புகளைக் கொண்டும் குறியீட்டைக் கணக்கிட வேண்டும். ஈரமான ஆண்டுகளின் தரவைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்த (அதாவது அத்தரவுக்குப் பொருந்தும்படி சரிசெய்த) மாதிரியை வறண்ட ஆண்டுகளில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நீரியலாளர் விட் க்ளெமெஷ் 1986-இலேயே வலியுறுத்தினார். இச்சோதனை இன்றும் பல அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

கடந்த காலம் அப்படியே தொடரும் என்று கொள்வது இதைவிடப் பெரிய தவறு. 1922-இல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் மேல், கீழ் வடிநிலங்களுக்கு ஆண்டுதோறும் தலா 75 லட்சம் ஏக்கர்-அடி (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி) நீர் ஒதுக்கப்பட்டபோது, கையிலிருந்த அளவீடுகள் வழக்கத்துக்கு மாறாக நீர் மிகுந்த ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருந்தன. மழை குறையும் அதே விகிதத்தில்தான் வரத்தும் குறையும் என்ற எண்ணமும் தவறானது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பகுதியில் 1970-களின் நடுப்பகுதிக்குப் பின் மழை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அணைகளுக்கான நீர்வரத்தோ பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. பெய்யும் மழையில் மண்ணும் மரங்களும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதே ஆற்றுக்கு வருகிறது.

ஆற்று நீரையும் அதன் கரையோரக் கிணறுகளின் நீரையும் தனித்தனி ஆதாரங்களாகக் கூட்டினால் ஒரே நீர் இருமுறை கணக்கில் ஏறிவிடும். வண்டல் படிந்த நீர்த்தேக்கத்துக்குப் பழைய கொள்ளளவையே இடுவதும், குழாய்க் கசிவைத் தேவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் எளிதில் திருத்தக்கூடியவை.

மாதிரி தரும் விடையை ஒற்றை எண்ணாக வெளியிடவே கூடாது. தரவுக்குச் சம அளவில் பொருந்தும் பல அளவுருத் தொகுதிகள் (மாதிரிக்குள் நாம் இடும் எண்களின் தொகுப்புகள்) இருக்கக்கூடுமாதலால், அவை அனைத்தையும் இயக்கிப் பார்த்து, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை எவ்வளவு பற்றாக்குறை நேரலாம் என்பதை ஒரு வரம்பாகத் திட்ட அதிகாரிகளிடம் அளிப்பதே முறை.