‘ஏமியபிள்’ என்ற சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

நன்றாகப் பழகுகிற யாரைப் பற்றிச் சொன்னாலும் நம் வாயில் முதலில் வருவது ‘ஃபிரெண்ட்லி’தான். தப்பில்லை. ஆனால் ஒருவரின் சுபாவமே அப்படி, சிடுசிடுப்பில்லாமல் எல்லோரோடும் இனிமையாக ஒத்துப்போகிறவர் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஏமியபிள்’ இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்.

படி 1: எழுத்தும் உச்சரிப்பும்

ஏ, எம், ஐ, ஏ, பி, எல், ஈ. அழுத்தம் முதல் அசையில் விழும்: ‘ஏ’-மியபிள். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் ‘அன்’ சேர்க்க வேண்டும்.

படி 2: வாக்கியத்தில் வைப்பது

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், ‘இஸ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னாலும் வரும். ‘ஷி இஸ் அன் ஏமியபிள் உமன்’, ‘ஹெர் பிரதர் இஸ் ஏமியபிள் டூ’ இரண்டுமே சரி. ஒப்பிடும்போது முன்னால் ‘மோர்’ போட்டால் போதும். ஆளுக்கு மட்டுமல்ல, அவருடைய சிரிப்புக்கும் பேச்சுக்கும்கூட இது பொருந்தும்: ‘அன் ஏமியபிள் ஸ்மைல்’.

படி 3: இரட்டைப் பிள்ளையோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பது

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நடுவில் ‘ஐ’க்குப் பிறகு ‘சி’ என்ற ஓர் எழுத்து கூடினால் அது ‘அமிக்கபிள்’ என்ற வேறு சொல். இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல்தான். ஒன்று பழைய பிரெஞ்சு வழியாக உருமாறி வந்தது, மற்றது லத்தீனிலிருந்து நேரடியாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. ஆளின் குணம் என்றால் ‘ஏமியபிள்’. இரு தரப்புக்கு இடையே சண்டையில்லாமல் முடிகிற காரியம் என்றால் ‘அமிக்கபிள்’. சுமுகமாகப் பிரிந்த தம்பதியின் விவாகரத்து ‘அன் அமிக்கபிள் டிவோர்ஸ்’. அந்தக் கணவர் தங்கமான மனிதர் என்றால் அவர் ‘ஏமியபிள்’. அவரை ‘அமிக்கபிள் மேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு நெருடும்.

படி 4: வினையுரிச்சொல்லாக மாற்றுவது

‘ஃபிரெண்ட்லி’ முடிவில் ‘லி’ இருந்தாலும் அது பெயரடைதான். அதனால் ‘ஹி ஸ்மைல்ட் ஃபிரெண்ட்லி’ என்று எழுத முடியாது, ‘இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று சுற்றி வளைக்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை கிடையாது. கடைசி ‘ஈ’யை எடுத்துவிட்டு ‘ஒய்’ போட்டால் ‘ஏமியப்ளி’ தயார்: ‘ஹி ஸ்மைல்ட் ஏமியப்ளி’.

படி 5: இடம் பார்த்துப் போடுவது

இது பேச்சைவிட எழுத்தில் அதிகம் வரும் சொல். நண்பர்களோடு அரட்டையடிக்கும்போது ‘ஃபிரெண்ட்லி’, ‘நைஸ்’ போதும். அப்புறம், பின்னால் ‘எனஃப்’ ஒட்டிக்கொண்டால் கவனம். ‘ஹி சீம்ஸ் ஏமியபிள் எனஃப்’ என்பது முழுப் பாராட்டு அல்ல. “ஆள் பரவாயில்லை, நல்லவராகத்தான் தெரிகிறார்” என்று சற்று இழுத்துச் சொல்வதுபோல் இருக்கும். பரிந்துரைக் கடிதத்தில் அதை எழுதிவிடாதீர்கள்.

பயிற்சிக்கு இரண்டு: பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். பங்காளிகள் சொத்தைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டார்கள். முதலாமவருக்கு ‘ஏமியபிள்’, இரண்டாவது உடன்பாட்டுக்கு ‘அமிக்கபிள்’.