தூரம் பாயும் தண்ணீர்த் துப்பாக்கி

தூரத்தில் இருந்தே ஆளை நனைக்க வேண்டுமா? துப்பாக்கியின் பருமனை விட முனைத் துளையைப் பாருங்கள். துளை மிகச் சிறிதானால் தண்ணீர் சாரலாகச் சிதறும், பெரிதானால் அழுத்தம் நிற்காது. பிவிசி குழாயில் நீங்களே செய்வதானால், மூடியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை போட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அந்தப் பிசிறுதான் பாய்ச்சலைக் கெடுக்கும். துளைக்குப் பின்னால் நறுக்கிய ஸ்ட்ராக்களை நெருக்கி அடைத்தால் சுழல் அடங்கி, தண்ணீர் கம்பி போலப் போகும். கையால் தள்ளும் பிஸ்டனே போதும். பிவிசி குழாயில் காற்றடைக்கவே கூடாது, வெடித்தால் சில்லு தெறிக்கும்.

அப்புறம், கடலூர் சில்வர் பீச்சில் விளையாடுவதானால், கடற்காற்று எழுந்த பிறகு கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், காற்றும் தண்ணீரை முன்னே தள்ளும். 45 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக முனையை உயர்த்தி அடியுங்கள். முகத்துக்கு மட்டும் குறி வைக்காதீர்கள்.